குருவில்லா இருபத்தொன்பது ஆண்டுகள்: ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வழிபாடு

இறைவனை அடைதற்கு அடியானின் உள்ளம் ஒன்றே போதும் எனக் கொள்ளும் சமயநெறிகள் உள. குருவும் சடங்கும் கூடிய சபையும் இன்றியமையாதன எனக் கொள்ளும் நெறிகளும் உள. உரோமன் கத்தோலிக்க நெறி இரண்டாம் வகையினது. பூசை ஒப்புக்கொடுக்கக் குரு வேண்டும்; பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு அளிக்கக் குரு வேண்டும்; இறக்கும் தறுவாயில் நோயாளியின் நெற்றியில் எண்ணெய் பூசவும் குருவே வேண்டும். அத்தகைய நெறியினின்று குருவை ஒரு நாளில் அகற்றிவிட்டால் அந்நெறி என் ஆகும்? எஞ்சிய மக்கள் தம்முள் ஒருவரோடு ஒருவரும், தம் இறைவனோடும் எவ்வாறு தொடர்பு கொண்டிருப்பர்? இவ்வினாவுக்கு விடை தேடப் பிறநாட்டு வரலாற்றுக்குச் செல்லவேண்டுவதில்லை. தமிழ் வழங்கும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் 1658ஆம் ஆண்டு முதல் 1687ஆம் ஆண்டு வரை வாழ்ந்த கத்தோலிக்கர் இந்நிலையில்தான் வாழ்ந்தனர். அவர்தம் வழிபாடு எவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு நின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இக்காலம்பற்றி எழுதினோர் பெரும்பாலும் 1687இல் வந்து சேர்ந்த யோசே வாஸ் அடிகளின் வரலாற்றையே எழுதினர். அவர் பெருமை குறைத்து மதிக்கத்தக்கது அன்று. ஆயின் அவர் வந்தபோது அவரை அடையாளங் கண்டுகொள்ள மக்கள் இருந்தனர். அவர்க்கு இடம் கொடுத்து மறைத்துவைக்க ஓர் ஊரே இருந்தது. அம்மக்கள் இருபத்தொன்பது ஆண்டு யாது செய்துகொண்டிருந்தனர் என்னும் வினாவை விடுத்து அடிகளின் வரலாற்றை மட்டும் கூறுவது, விதையையும் நிலத்தையும் கூறாது விளைவை மட்டும் கூறுவதை ஒக்கும்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைத் தம் நேர் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்தனர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. பிரான்சிஸ்கு சபையாரும் இயேசு சபையாரும் ஊர்தோறும் கோயில் அமைத்துச் சமயம் பரப்பினர். ஆட்சியாளரின் சமயம் என்பதனால் அதனைத் தழுவினோரும் உளர். உளமார ஏற்றோரும் உளர். இவ்விரு திறத்தாரையும் பிரித்தறியும் உரைகல்லாக அடுத்த ஆட்சி அமைந்தது என்னலாம்.

1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபையினராகிய ஒல்லாந்தர்க்குக் கத்தோலிக்கம் பிழைபட்ட சமயம் மட்டும் அன்று. பகைவனின் சமயமும் ஆகும். யாழ்ப்பாணம் விழுந்த சில திங்களுள்ளேயே கோட்டையில் ஒரு சதி வெளிப்பட்டது. அதன் தொடர்பில் இயேசு சபைக் குரு ஒருவரும் தலை வெட்டுண்டார். அதனை அடுத்துக் கத்தோலிக்கக் குருமார்க்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்னும் ஆணை பிறந்தது. ஆணையின் கடுமையைச் சமயக் காழ்ப்பு ஒன்றாலேயே விளக்குவது பொருந்தாது. குரு ஒருவர் கோவாவினின்று வருவாராயின் அவர் பின்னே போர்த்துக்கேயர் கப்பலும் வரும் என்னும் அச்சமே அதில் மிகுதியும் பேசுகின்றது. காரணம் யாதாயினும் மக்கட்கு விளைந்தது ஒன்றே. குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கோயிலும் பள்ளியுமாக மாற்றப்பட்டன.

பள்ளியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் ஊர்ப்பள்ளி எழுத்துக் கற்பிக்கும் இடம் மட்டும் ஆகாது. பிறப்பு, திருமுழுக்கு, திருமணம் ஆகியன பதியப்படும் பள்ளித் தோம்பும் அங்கேயே இருந்தது. தோம்பில் பெயர் ஏறாத மணம் சட்டத்தின் முன் மணமாகாது. அம்மணத்திற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் நிலத்தில் உரிமை ஐயத்துக்கு உரியதாகும். ஊர் அலுவல் எதுவும் கிட்டாது. எனவே கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் தம் மக்களைப் பள்ளிக்குக் கொண்டுசென்று பெயர் எழுதுவித்தனர். 1658 முதல் யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பிலிப்பு பல்தேயு தமிழ் பயின்று, மந்திரங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மாணவர் மனப்பாடம் செய்யும் முறையை வகுத்தார். 1672இல் வெளிவந்த அவர் நூலில் யாழ்ப்பாணத்துக் கோயில்களின் படங்கள் காணப்படுகின்றன. போர்த்துக்கேயர் கட்டிய சுவர்களுக்குள் ஒல்லாந்தர் போதகர் நின்று பேசிய காட்சியை அப்படங்கள் நமக்குக் காட்டுகின்றன.

இவ்விடத்து ஒன்றை நடுவுநிலைமை பற்றிக் கூறுதல் தகும். மறைந்து வழிபடும் நிலை யாழ்ப்பாணத்துக்குக் கத்தோலிக்கரால் முதன்முதல் வந்ததன்று. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் சைவர் அந்நிலையில் வாழ்ந்தனர். விரத நாளில் வாழையிலையில் உண்டு, உண்ட இலையை வெளியில் எறியாது வீட்டு இறப்பிற் செருகி மறைத்தனர் என்னும் செய்தி யாழ்ப்பாணத்து வாய்மொழியாக நெடுங்காலம் வழங்கி வருவது. பசுவைக் கொடுக்கவேண்டும் என்னும் கட்டளைக்கு அஞ்சித் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் ஊரைவிட்டு நீங்கினார் என்னும் வரலாறும் அவ்வாறே. கோயிலை இழந்த சைவர்க்கு வீடும் விரதமும் புகலாயின. அவர் கோயிலை இடித்த ஆட்சியின் சமயத்தைத் தழுவியோர்க்கும் ஒரு தலைமுறையில் அதே கதி நேர்ந்தது. அவரும் வீட்டையே புகலாகக் கொண்டனர். ஓர் ஊரில் அடுத்தடுத்த இரு வீடுகளில் இரு சமயத்தாரும் கதவை அடைத்துக்கொண்டு வழிபட்ட இரவுகள் பல இருந்திருத்தல் வேண்டும்.

இனி, கத்தோலிக்கர் கையில் எஞ்சியிருந்தவை யாவை என்பது நோக்குவாம்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ்கு சவேரியார் கையாண்ட முறையை முதற்கண் கருதவேண்டும். அவர் தமிழ் நன்கு அறிந்தவர் அல்லர். தமிழரின் துணைகொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்குவித்து, அவற்றைத் தாம் முதலில் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருவிற் சென்று சிறுவரைக் கூட்டி, அடி அடியாகத் தாம் சொல்ல அவர் சொல்லுமாறு பயிற்றினார். சிறுவர் வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பித்தனர். நோயுற்றோர் அழைத்தபோது தாம் எல்லா இடத்துக்கும் செல்ல இயலாமையின் அச்சிறுவரையே செபமாலையுடன் அனுப்பி மந்திரம் சொல்வித்தார். ஊர்தோறும் ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்தி, திருமுழுக்கு அளிக்கவும் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டவும் மணங்களைக் கவனிக்கவும் பணித்தார். இவர்தம் ஊதியத்துக்காகப் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நாலாயிரம் பணத்தை அவர் கேட்டுப் பெற்றார் என்பது வரலாற்றார் பலரும் எடுத்துரைக்கும் செய்தி.

இம்முறை குருமார் பஞ்சத்தாற் பிறந்தது. ஒரு குருவுக்குப் பல ஊர். ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோதான் ஓரூரை அடைய இயலும். எஞ்சிய நாளெல்லாம் குருவின்றியே ஊர் நடைபெறவேண்டும். ஆகவே முத்துக்குளித்துறையில் தமிழ்க் கத்தோலிக்கம் தோன்றிய நாள்தொட்டே பெரும்பகுதி நாள்களில் குருவில்லாக் கத்தோலிக்கமாகவே இருந்தது. மன்னாருக்கும் அச்சமயம் அத்துறையினின்றே சென்றது. 1544இல் சவேரியார் விடுத்த குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களுள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண அரசன் ஏவலால் கொலையுண்டனர். அதன் பின்னும் அந்நெறி அங்கு அற்றுப்போகவில்லை. 1658இல் ஒல்லாந்தர் குருமாரை அகற்றியபோது அவர் அகற்றியது சமயத்தின் தலைமையை. அதன் நாள்வழக்கை அன்று. நாள்வழக்கு ஏற்கனவே குடியானவர் கையிலேயே இருந்தது.

தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தையும், 1579இல் கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கத்தையும் எழுத்துரு, தாள், அச்சகம் என்னும் நிலையிலேயே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சி வேண்டத்தக்கதே. ஆனால் அண்டிறீக்கு அடிகள் அந்நூல்களை எதற்காக ஆக்கினார் என்பதும் நோக்கற்பாலது. பதினாறு பக்கமே உடைய தம்பிரான் வணக்கம் உபதேசியார் கையில் இருந்து பிறர்க்கு ஓதுவிக்க உதவும் நூல். தனித்திருந்து படித்தற்கு உரியது அன்று. 1580இல் அவர் வெளியிட்ட பாவசங்கீர்த்தன நூல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. குருவின் முன் செல்லுமுன் ஒருவன் தன் உள்ளத்தைத் தானே ஆராய்ந்து, தன் குற்றத்துக்குத் தானே வருந்தும் முறையை அது தமிழில் கற்பிக்கின்றது. குருவை எதிர்நோக்கிச் செய்யப்பட்ட இப்பயிற்சி, குரு இல்லாத காலத்துக்கும் உதவுவதாயிற்று. ஏனெனில் உத்தம மனத்தாபம் உடையவன், பின்னர்ச் சங்கீர்த்தனம் செய்யும் எண்ணத்தோடு இருப்பின், குரு கிடைக்காதவிடத்தும் இறைவனின் மன்னிப்பைப் பெறுவான் என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. உத்தம மனத்தாப மந்திரம் என்று இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் செபத்தின் பெயரிலேயே அக்கோட்பாடு அடங்கியுள்ளது. வேற்றுச் சபையார் பள்ளியில் பெயர் எழுதுவித்துவிட்டு மனங்கலங்கி வீடு திரும்பிய ஒருவனுக்கு அம்மந்திரம் எத்துணை இன்றியமையாததாக இருந்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குருவின்றி ஆற்றத்தக்கவை எவை, தகாதவை எவை என்னும் எல்லையை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். திருமுழுக்கை எவரும் அளிக்கலாம். திருமணத்துக்குக் குருவும் சாட்சிகளும் வேண்டும் எனத் திரெந்துச் சங்கம் 1563இல் விதித்ததாயினும், குருவை அடைய வழியே இல்லாத நிலத்தில் சாட்சிகள் முன் மணமக்கள் தரும் இசைவே போதும் என்பது சமயநூலார் கொண்ட முடிபு. அடக்கம் செய்யும்போது மந்திரம் சொல்ல மூப்பர் போதும். செபமாலைக்கு யாரும் வேண்டுவதில்லை. ஆயினும் பலர் கூடினால் ஒருவர் முன் சொல்ல ஏனையோர் பின் சொல்லலாம். பூசையும் சங்கீர்த்தனமும் மட்டும் எவ்வாற்றானும் இயலா. இவ்வெல்லையை அவர் மீறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தம்முள் ஒருவரைக் குருவாக ஏற்படுத்திக்கொண்டு பூசை செய்விக்க முயன்றிருப்பின், அடுத்த தலைமுறையில் அது தனிச் சமயமாகிப் பிரிந்திருக்கும். இல்லாததை இல்லாததாகவே வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தனர்.

செபமாலை அடையாளமாக ஆனதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பரமண்டல மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒல்லாந்தர் பள்ளியிலும் கற்பித்தனர்; அவற்றைச் சொல்லுவதனால் ஒருவன் எச்சபையைச் சார்ந்தவன் என்பது புலப்படாது. பிரியதத்த மந்திரத்தையோ அப்பள்ளி ஏற்காது. ஆகவே பகலில் பள்ளியில் ஒரு மந்திரமும், இரவில் வீட்டில் அதே மந்திரத்தோடு இன்னொன்றும் சொல்லி வளர்ந்த பிள்ளைகட்கு, அன்னை மரியாளை நோக்கிய அவ்வொரு மந்திரமே இரு சபைகளுக்கும் இடைப்பட்ட வேலியாயிற்று. மணிகளைக் கோத்த கயிறு அவ்வேலியின் புற அடையாளம்.

இவ்விரட்டை வாழ்க்கையை எவ்வாறு மதிப்பிடுவது? ஒல்லாந்தர் போதகர் இதனை வஞ்சகம் என்று கருதினர். தம் பதிவேட்டில் உள்ளோர் பலர் பெயரளவிற் கிறித்தவர் என்று அவரே சலித்துக்கொண்டனர். கத்தோலிக்க ஆசிரியர் சிலரும் இதனைப் பேச நாணி, உயிர்விட்டோரையும் ஓடிப்போனோரையும் மட்டும் புகழ்வர். யாம் இரு சாராரோடும் உடன்படோம். நிலத்தையும் பிள்ளைகளின் உரிமையையும் காப்பதற்காகத் தோம்பில் பெயர் எழுதுவித்த உழவன், அவ்வாறு செய்யாது ஊரைவிட்டு ஓடியிருந்தால், 1687இல் வாஸ் அடிகளை வரவேற்க ஊர் எங்கே இருந்திருக்கும்? குற்றவுணர்வோடு ஊரில் தங்கியவனாலும் சமயம் நிலைத்தது. அவ்வாறு தங்கியோர்க்கு ஒரு பெருந்துணை, தாம் ஒருவர் மட்டும் அல்லர் என்னும் அறிவே. பள்ளிக்கு வந்திருந்த அயலானும் தன்னைப் போன்றவனே என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். காட்டிக்கொடுக்கத்தக்க இரகசியத்தை ஓர் ஊரார் அனைவரும் ஒருங்கே காத்தல் எளிதன்று.

ஓடியவர்களும் இல்லாமல் இல்லை. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தாம் வழிபட்ட மாதாவின் திருவுருவத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்து, கண்டியரசின் எல்லைப் பக்கத்தே மருதமடுவில் தங்கின என்பது மடுத் திருப்பதியின் தோற்றம்பற்றிய மரபு. காட்டுக்குக் குருவை அழைத்துச் செல்ல இயலாது. உருவத்தை எடுத்துச் செல்லலாம். பின்னாளில் அத்தலம் சிங்களரும் தமிழரும் ஒருங்கு கூடும் பெருந்தலமாயிற்று.

கடலுக்கு அப்பாலும் நிலைமை இதனை ஒத்தே இருந்தது. தூத்துக்குடியையும் ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றினர். அங்குள்ள பரதவரைச் சீர்திருத்தச் சபைக்குத் திருப்பும் முயற்சி பயன்தரவில்லை. ஆனால் அங்கு ஒல்லாந்தரின் கை நகரெல்லைக்குள் அடங்கியது. உள்நாட்டு ஊர்களில் இயேசு சபைக் குருமார் இருந்தனர். பரதவர் நகருக்கு வெளியே சென்று பூசை கண்டு திரும்பலாம். யாழ்ப்பாணத்தாருக்கு அவ்வழி இல்லை. சூழ இருந்தது கடல். ஆயினும் முத்துக்குளிப்பும் தோணி வாணிகமும் இரு கரையையும் பிணைத்திருந்தன. அக்கடல் வழியேதான் 1687இல் விடிவு வந்தது.

யோசே வாஸ் 1651இல் கோவாவைச் சார்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர், தாய்மொழி கொங்கணி. 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கையில் கத்தோலிக்கர் குருவின்றி வாடுவதைக் கேள்வியுற்று, 1686இல் யோவான் என்னும் துணைவருடன் புறப்பட்டார். தூத்துக்குடிப் பக்கத்தே தங்கித் தமிழ் பயின்று, கூலியாள் கோலம் பூண்டு தோணி ஏறினார். ஐரோப்பியக் குரு எவராலும் இக்கோலத்தைப் பூண்டிருக்க இயலாது. நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியக் குருமாரை இரண்டாம் தரத்தினராக எண்ணிய அக்காலத்தில், இந்தியர் ஒருவராலேயே செய்யத்தக்க செயல் ஒன்று இருந்தது என்பதை அவர் செயல் காட்டிற்று.

யாழ்ப்பாணத்தை அடைந்தவுடன் அவர் வயிற்றுக்கடுப்பால் நலிந்தார். அவர்க்குப் பெண் ஒருத்தி கஞ்சி வார்த்துக் காத்தாள் என்பர். நோய் நீங்கியதும் அவர்முன் நின்ற இடர் வேறு: கத்தோலிக்கர் யாவர் என்பதை எவ்வாறு அறிவது? கேட்டால் கேட்கப்பட்டவன் அஞ்சுவான், அல்லது காட்டிக்கொடுப்பான். அவர் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாக இரந்து சென்றார். பிச்சை இட வந்தோரின் கண் அம்மாலையில் எவ்வாறு படுகின்றது என்பதை உற்றுநோக்கினார். மேலே யாம் கூறிய வேலியடையாளம் இவ்விடத்து வாயிலாகவும் ஆயிற்று. இருபத்தொன்பது ஆண்டு மறைத்துவைத்த பொருளை வெளிப்படையாக அணிந்து வந்தவனைக் கண்ட மக்கள் முதலில் ஐயுற்றிருப்பர், பின்னர் உசாவினர், இறுதியில் அவரைக் குரு என்று அறிந்தனர். சில்லாலை என்னும் ஊர் அவர்க்கு உறைவிடமாயிற்று. அங்கிருந்து இரவில் ஊர் ஊராகச் சென்று பூசை செய்தார், மணங்களை ஆசீர்வதித்தார், சங்கீர்த்தனம் கேட்டார்.

1658இல் இருபது அகவையினளாய்ப் பூசை கண்ட ஒரு பெண் 1687இல் நாற்பத்தொன்பது அகவையினள். அவ்வாண்டிற் பிறந்த அவள் மகனோ இருபத்தொன்பது அகவை வரை ஒரு குருவின் முகத்தையும் கண்டிருக்கமாட்டான். ஆயினும் மந்திரங்களை அறிவான். ஆக யாழ்ப்பாணத்தில் நினைவுச் சங்கிலியின் கண்ணிகள் இரண்டே. கண்ட தலைமுறையும் கேட்ட தலைமுறையும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தன. கேட்டவன் மறந்தால் கண்டவள் திருத்தலாம்.

இதன் பொருளை நன்குணர யப்பானிய வரலாற்றை ஒப்பிட்டுக் காண்பது உதவும். இவ்வொப்பீடு வலிந்து கொண்டதன்று. முத்துக்குளித்துறையில் மந்திரம் ஓதுவித்த அதே சவேரியாரே 1549இல் யப்பானில் இறங்கினார். அங்கே 1614இல் தடை பிறந்தது. மறைந்து வாழ்ந்த இறுதிக் குரு 1644இல் கொல்லப்பட்டார். 1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட கோயிலுக்கு ஊரகாமி ஊரார் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவிடம் தம் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே எனத் தெரிவித்து, மரியாளின் உருவம் எங்குளது என வினவினர். இடைப்பட்ட காலம் 221 ஆண்டு. அங்கும் திருமுழுக்களிக்க ஒருவர், திருநாள் கணித்துரைக்க ஒருவர் எனக் குடியானவரே பணிகளைப் பகிர்ந்திருந்தனர். அங்கும் உத்தம மனத்தாபம்பற்றிய 1603ஆம் ஆண்டு நூல் ஒன்று படியெடுக்கப்பட்டு வழங்கிற்று. எழுநாள் வாரம் அன்றாட வழக்கில் இல்லாத நாட்டில் ஞாயிற்றைக் கணித்துரைக்கவே ஒருவர் வேண்டியிருந்தது. தமிழர்க்கோ அக்கவலை இல்லை. ஞாயிறு எந்நாள் என்பது சந்தைக்குச் செல்லும் எவனுக்கும் தெரியும். ஆனால் ஏழு தலைமுறைக் காலத்தில் யப்பானியரின் மந்திரச் சொற்கள் பொருள் மழுங்கிய ஒலிகளாயின. சிலர் குருமார் திரும்பிய பின்னும் அவரோடு சேராது தம் முன்னோர் வழியிலேயே நின்றுவிட்டனர். அவர் மந்திரங்களில் இலத்தீனும் போர்த்துக்கீசமும் கலந்திருந்தமை இம்மழுங்கலுக்கு ஒரு காரணம். தமிழ் மந்திரங்களிலும் வேற்றுச்சொல் உண்டு எனினும், வாக்கியம் தமிழாதலின் சொல்லுவோன் தான் சொல்வதை அறிந்தே சொன்னான்.

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1689ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் படைவீரர் சூழ்ந்துகொண்டனர். வாஸ் அடிகள் தப்பினார், மக்கள் தப்பவில்லை. தலைவர்கள் கசையடியும் சிறையும் பெற்றனர். அவருள் தொம் பேதுரு என்பார் அக்காயத்தால் உயிர்துறந்தார் என்பர். இவ்வரலாற்றை 1745இல் லிசுபனில் அச்சான நூலில் விரித்துரைக்கும் செபஸ்தியான் தோ ரேகோ, அடிகள் தப்பியதை இறைவனின் அற்புதமாகக் கூறுகின்றார். அவ்வற்புதத்துக்கு விலை கொடுத்தோரின் பெயர்களை அவர் மிகுதியும் கூறாமை குறையே.

பின்னர் அடிகள் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே கால்வீனியப் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சொல்லால் போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். காவல் சிறிது தளர்ந்ததும் காவலிடத்தையே வழிபாட்டிடமாக்கிச் சிங்களமும் கற்றார். ஈண்டு நோக்கத்தக்கது அவர்தம் தனிமை. குருவில்லா மக்களுக்குக் குருவாக வந்தவர்க்குக் குரு இல்லை. எக்குருவும் தன் பாவத்தைத் தானே மன்னித்துக்கொள்ள இயலாது. கோவாவினின்று தம் சபையினர் 1696-97ஆம் ஆண்டளவில் வந்து சேரும்வரை, தம் மக்கள் இருபத்தொன்பது ஆண்டு எதனைக் கைக்கொண்டனரோ அந்த உத்தம மனத்தாபத்தையே அவரும் கைக்கொள்ள நேர்ந்தது. பூசைக்கு வேண்டிய கோதுமை மாவும் முந்திரிகை இரசமும் அத்தீவில் விளையாதவை; அவையும் மடல்களும் இந்தியாவினின்று வரும் வழி அடைபட்டால் பூசையும் நின்றுவிடும். செபமாலைக்கு அத்தகைய வழி எதுவும் வேண்டுவதில்லை. பூசையைக் காணாத மக்களும், அதனைச் செய்யும் பொருளுக்குக் காத்திருந்த குருவும், எதிரெதிர்க் கரையில் நின்று ஒரே செபத்தைச் சொன்னவர் ஆவர்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. நோயுற்றோரைக் காட்டில் விட்டு வருதல் அந்நாளைய வழக்கம். அரசனும் செல்வரும் நகரை நீங்கினர். வாஸ் அடிகளும், அவர் உறவினராகிய யோசே கர்வாலோ அடிகளும் நோயாளரைத் தேடிச் சென்று, குடில் அமைத்து, கஞ்சி கொடுத்து, இறந்தோரைப் புதைத்தனர். அவர் சமயம் யாது என்று வினவவில்லை. யாழ்ப்பாணத்தில் தாம் நோயுற்றுக் கிடந்தபோது பெற்ற கஞ்சியை அவர் மறந்திருக்கமாட்டார். இப்பணிக்குப் பின் கண்டி மன்னன் விமலதர்மசூரியனின் நன்மதிப்பு அவர்க்கு முழுமையாகக் கிட்டியது. தீவைவிட்டு ஒருமுறையும் நீங்காது, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் அவர் இறந்தார். 2015இல் கொழும்பில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வேறொரு பணியை மேற்கொண்டார். குருமார் இருந்தும் அவர் சிலரே, ஊரோ பல, ஒல்லாந்தர் ஆணையோ நீங்கவில்லை. குரு மீண்டும் இல்லாது போகும் நாள் வரலாம் என்பதை அறிந்தவர்போல, அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் தம் அச்சுநூலை வெளியிட்டனர். கத்தோலிக்கர்க்கு அச்சு இல்லை. முதன்முதல் தமிழை அச்சேற்றிய சமயத்தார் இலங்கையில் மீண்டும் ஓலைக்குத் திரும்பினர். அதனால் இழந்தது ஒன்றும் இல்லை என்றே கூறலாம். அச்சுக்கூடத்தைச் சோதனையிட்டுப் பூட்டலாம். வீட்டு இறப்பிற் செருகிய ஓலையைத் தேடிக் காண்பது அரிது. படியெடுப்பவன் ஒவ்வொருவனும் அந்நூலை ஒருமுறை முழுதும் ஓதியவனும் ஆகின்றான்.

அவர் நூல்களுள் வியாகுலப் பிரசங்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஆழ வேரூன்றியது. கிறித்துவின் பாடுகளை உரைநடையில், கேட்போர் உருகுமாறு எடுத்துரைக்கும் இந்நூலைத் தபசு காலத்தில் யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் ஒருவர் இசையோடு வாசிக்க ஊரார் கூடியிருந்து கேட்பர். இதன் உரைநடையை வீரமாமுனிவர் உரைநடையோடு ஒப்பிட்டு மொழிநிலையில் ஆராய்தல் தனிக் கட்டுரைக்கு உரியது. ஈண்டுக் கூறவேண்டுவது, இந்நூல் வாசிப்பதற்குக் குரு வேண்டுவதில்லை என்பதே. எழுத்தறிந்த அண்ணாவியார் ஒருவர் போதும். ஏனையோர்க்குக் காது போதும்.

ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. கத்தோலிக்கர்மீது எஞ்சியிருந்த சட்டத்தடைகளை ஆங்கிலேய ஆள்பதி மெயித்லந்து 1806இல் நீக்கினார். அதன் பின்னும் மன்னார்க் கரையோரச் சிற்றூர்கள் பலவற்றில் குரு வருவது திங்களுக்கு ஒரு முறையோ அதனினும் அருகியோ ஆயிற்று. இடைப்பட்ட நாள்களில் மூப்பர் மணியடித்தார், மக்கள் கூடினர், ஒருவர் முன் சொல்ல ஏனையோர் பின் சொல்லினர்.